வளையம் வைத்த சுடிதார்

இழுத்த இழுப்பில் திரைச்சீலையோடு கம்பியும் கழன்று வந்துவிட்டது.

வரட்டும்.

இன்னொரு ஜன்னலுக்குப் போய் அதையும் உருவினாள்.

கெட்டித் துணி. மெரூன் நிறம், உள்ளங்கை அகலத்துக்குப் பூ. ஜன்னல் கதவுகள் மழையில் உப்பிச் சாத்த வராமல் போனபோது புருஷன் ஆசாரியைக் கூப்பிடவில்லை. இதைத்தான் வாங்கி மாட்டினான். தெருவில் போகிறவன் எல்லாம் ஹாலுக்குள் பார்க்கிறானாம்.

தெரு எதைப் பார்த்துவிடக் கூடாது என்பது அவளுடைய கன்னத்துக்குத் தெரியும்.

புடவை, ஜாக்கெட், சுடிதார் எல்லாம் பீரோவுக்குள். பீரோச் சாவி அவன் சட்டைப்பையில். நேற்றே பூட்டிவிட்டான்.

வெளியே விட்டுவைத்தது இரண்டே நைட்டி.

நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் முக்குக் கடை வரைக்கும் போகலாம். பால் வாங்கலாம். கருவேப்பிலை வாங்கலாம். பஸ் ஏறித் தங்கையின் வளைகாப்புக்குப் போக முடியுமா? அம்மா இல்லாத வீடு. முதல் வளையல் அக்காதான் போடவேண்டும். சாயங்காலம் தங்கை மணையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எல்லாம் தெரிந்துதான் பூட்டினான், பாவி.

தங்கை வீட்டுக்காரர் நேரில் வரவில்லை. போனில் அழைத்தார். அதுதான் குற்றம்.

"வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட வக்கில்லாதவன் வீட்டுக்கு என் பொண்டாட்டி போகமாட்டா. போறதுன்னா நைட்டியோட போ. போயேன், பார்ப்போம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். காலையில் கடைக்குக் கிளம்பும்போதும் அதே சிரிப்பு.

எதிர்வீட்டு சகாயமேரி அக்காவிடம் கேட்டால் ஒரு புடவை தரமாட்டாளா? தருவாள். ஏன் என்றும் கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வாய் வராமல்தான் இத்தனை வருஷம் போயிருக்கிறது.

எல்லாவற்றையும் பூட்டிய புத்திசாலி ஒன்றை மறந்துவிட்டான்.

ஹால் மூலையில் ஒரு மேசை. வெளியூர் போனால் மட்டும் போடுகிற ஹெல்மெட்டை அதன்மேல்தான் வைப்பான். வைத்து வைத்து அது மேசைதான் என்றே நினைத்துவிட்டான். மூடியைத் திறந்தால் உள்ளே தலைகீழாகத் தொங்குவது அவளுடைய தையல் மிஷின். தாய்வீட்டுச் சீர்.

ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்தாள். வைத்தாள் என்ன, போட்டாள்.

நைட்டியை அளவுக்கு விரித்து, சோப்புத் துண்டால் சுற்றிக் கோடு போட்டாள். டாப்புக்கு ஒரு ஜன்னலின் துணியே தாராளம். பேண்ட்டுக்குக் கட்டில் விரிப்பு, அவன் காலாட்டிக்கொண்டு படுக்கிறது. துப்பட்டாவுக்குக் கொடியில் காய்ந்த அவனுடைய கரை வேட்டி. பாதி போதும். மீதிப் பாதியை அவன் கட்டிக்கொள்ளட்டும்.

எண்ணெய் காணாத மிஷின் ஊரைக் கூட்டியது. கத்து, நன்றாகக் கத்து என்று மிதித்தாள்.

திரைச்சீலையின் மேல் விளிம்பில் வரிசையாக ஸ்டீல் வளையங்கள், கம்பியில் கோப்பதற்கு. கத்தரித்துவிடலாம் என்று கத்தரிக்கோலைக் கொண்டுபோனாள்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

வேண்டாம். டாப்பின் அடியில் அப்படியே இருக்கட்டும். இது என்ன துணி என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

உடுத்திக்கொண்டு பையைத் தூக்கும்போது பைக் சத்தம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான்.

படியேறியவன் அப்படியே நின்றான். ஹால் முழுக்க வெயில்.

அப்புறம்தான் அவளைப் பார்த்தான். பூவைப் பார்த்தான். வேட்டிக் கரையைப் பார்த்தான்.

"ஏண்டி..."

கையை ஓங்கினான்.

எதிர்வீட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சகாயமேரி அக்கா உருவுவதை நிறுத்தினாள். குழாயடியில் குடம் வைத்திருந்தவள் திரும்பினாள். இரண்டு ஜன்னலும் ஆவென்று திறந்து கிடந்தன.

ஓங்கிய கை போகுமிடம் தெரியாமல் அவன் தலைக்கே போய் முடியைக் கோதியது.

அடிக்கிறவனுக்கும் வெட்கம் உண்டு. அதற்குத்தான் இத்தனை நாளும் மெரூன் நிறத்தில் துணி தொங்கவிட்டிருந்தான்.

"சோறு மூடி வச்சிருக்கேன்," என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். வளையங்கள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தன.

"ஏட்டி, அது உங்க ஹால் ஸ்கிரீன்தான?" சகாயமேரி அக்கா வாயைப் பிளந்தாள்.

"ஆமாக்கா. சேலையெல்லாம் உள்ள வச்சுப் பீரோவைப் பூட்டிட்டாரு. தங்கச்சி வளைகாப்புக்கு நான் போகக்கூடாதாம்."

தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லி முடித்ததும், சே, இவ்வளவுதானா என்று இருந்தது.

அக்கா எழுந்துவிட்டாள். மடியிலிருந்த கீரையெல்லாம் கீழே கொட்டியது. அதைக் கவனிக்காமல் ஜன்னலையே முறைத்தாள்.

தெருமுனையில் நின்று இவளும் திரும்பிப் பார்த்தாள்.

அவன் நாற்காலியில் ஏறி, எதையோ ஜன்னலில் செருகிக்கொண்டிருந்தான். கைக்கு வந்ததை எடுத்திருக்கிறான்.

கிளிப்பச்சைப் பட்டு. நேற்று அவள் அழுது கேட்ட புடவை.

பீரோவைத் திறந்துவிட்டான்.

இப்போது போனால் அதையே கட்டிக்கொண்டு வரலாம். இன்னும் நேரம் இருக்கிறது.

பஸ் வந்தது. ஏறினாள்.

உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். தங்கைக்குக் கண்ணாடி வளையல் பெட்டி. பக்கத்தில் கத்தரிக்கோல். அடியில், இரண்டாவது ஜன்னலின் துணி, வெட்டாமல் முழுசாக.

இன்னொரு சுடிதாருக்குத் தாராளமாக வரும்.