பச்சை வில்லை

மாந்தோப்புக்கும் வீடுகளுக்கும் ஒரே குழாய்தான். எது முதலில் வாடுமோ அதற்குத்தான் அந்தக் குழாய் திறக்கும். அல்போன்சா மாமரம் கொஞ்சம் காய்ந்தாலே இலையைச் சுருட்டிக்கொள்ளும், அதனால் அதற்குத் தினமும் தண்ணீர். பெங்களூரா மாமரம் எந்த வறட்சியையும் தாங்கும் என்று அதன் அடிமரத்தில் பச்சை வில்லை அடித்திருந்தார்கள். அதற்கு வாரம் ஒருமுறைதான். வீடுகளையும் இனி அப்படியே வகை பிரிக்கப்போகிறார்களாம். இன்று அதற்கு ஆள் வருகிறார்.

பவுனம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைக்குழந்தைக்கு வேறு காய்ச்சல். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"சமாளிச்சுக்கறோம்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க," என்று மறுபடியும் கணவனிடம் சொன்னாள். "நாம அல்போன்சா மாதிரி வாடிக் கெடக்கணும்."

"சரி, வாடறேன். நீ மொதல்ல உக்காரு," என்றான் முனிரத்தினம்.

ஆள் வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்க வாசலில் நின்று நெற்றியைத் துடைத்தார்.

பவுனம்மா உள்ளே ஓடினாள். குழந்தைக்கென்று மூடிவைத்திருந்த குடத்தைச் சாய்த்து, அடியில் இருந்ததையெல்லாம் சொம்பில் ஊற்றி எடுத்துவந்தாள்.

"என்னா வெயிலு! மொதல்ல தண்ணி குடிங்க சார்."

முனிரத்தினம் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அவர் அண்ணாந்து ஒரு சொட்டு விடாமல் குடித்தார். காலிச் சொம்பை அவளிடம் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து பச்சை வில்லையையும் சுத்தியலையும் எடுத்தார்.

"வர்றவங்களுக்குக் குடுக்கவே தண்ணி வெச்சிருக்கீங்களேம்மா," என்றார் மனம் குளிர்ந்து. "நீங்க தாங்குவீங்க."