அறுநூற்றுப் பத்து கிராம்

"அண்ணாச்சி, அறுநூத்திப் பத்து கிராம்னா எத்தனை கப்பு வரும்?"

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் பழக்கடை வைத்திருக்கும் சுடலைமணி நிமிர்ந்து பார்த்தார். ஷபானா. வீட்டிலேயே ஜாமும் புட்டிங்கும் செய்து விற்கிறவள். மூன்று மாதமாக அவள் வரவில்லை; புருஷன் நௌஷாத்தான் சீட்டோடு வந்து பழம் வாங்கிப் போனான்.

"வா தங்கச்சி! வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, நீ காதுல பஞ்சு வச்சிருக்கே? சளியா? சாயா சொல்லவா?"

"வேண்டாம். எத்தனை கப்பு, அதைச் சொல்லுங்க."

"உனக்கு எதுக்கு கிராம் கணக்கு? எட்டு வருஷமா நீலக் கப்பைக் கொண்டாந்து அளந்து வாங்குறவ. தராசைக் கண்டாலே உனக்கு ஆகாதே!"

"அதான் கேக்குறேன். கிராம்னா எனக்கு ஒண்ணும் தெரியல. கப்புல சொன்னாத்தான் எவ்வளவுன்னு கண்ணுல நிக்கும்."

தராசுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அட்டையை அவர் எட்டிப் பார்த்தார். அவளுக்காகவே எழுதி வைத்தது: ஒரு கப் திராட்சை நூற்றைம்பது கிராம், ஒரு கப் மாதுளை முத்து நூற்று எழுபத்தைந்து.

"திராட்சைன்னா நாலு கப்பு, மேல ரெண்டு பழம். மாதுளைன்னா மூணரை."

"பழத்துக்குப் பழம் மாறுமா?"

"பின்னே? இடையில சந்து விழுதுல்ல! ஜாமுக்கா, புட்டிங்குக்கா?"

"சந்தே இல்லாம வேணும். ஒரே பழமா. சரியா அறுநூத்திப் பத்து."

"சரிதான், மரத்துக்கிட்ட போய்ச் சொல்லித்தான் காய்க்க வைக்கணும்."

சிரித்துக்கொண்டே ஒரு மல்கோவாவைத் தராசில் வைத்தார். ஐந்நூற்று எண்பது. அடுத்தது அறுநூற்று நாற்பது. "முப்பது கிராம் கூடினா உன் ஜாம் கோவிச்சுக்கவா போகுது? எடுத்துட்டுப் போ."

"கூட வேண்டாம் அண்ணாச்சி. குறையவும் வேண்டாம்."

குரல் ஒரு மாதிரி இருந்தது. மறுபேச்சில்லாமல் அவர் கூடையின் அடிவரை துழாவினார். ஏழாவது பழத்துக்குத் தராசு 610 காட்டியது.

"அடிச்சது யோகம்! தோலைச் சீவி, துண்டு போட்டுத் தரவா?" என்று கத்தியை எடுத்தார்.

"வெட்டாதீங்க!"

தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுடலைமணி கத்தியைக் கீழே வைத்தார்.

"சரி, கவர்லயாவது போடவா?"

அதற்குள் அவள் இரண்டு கையாலும் பழத்தை வாங்கியிருந்தாள். முழங்கை மடிப்பில் சாய்த்து, துப்பட்டாவின் நுனியால் மூடினாள்.

"இவ்வளவுதானா..." அவரிடம் கேட்ட மாதிரி இல்லை.

"ஏன் தங்கச்சி, எந்தச் சமையல் குறிப்புல இப்படி அறுநூத்திப் பத்துன்னு கறாரா எழுதியிருக்கான்?"

ஷபானா கையை அசைக்காமல் சொன்னாள்:

"ஆஸ்பத்திரிச் சீட்டுல அண்ணாச்சி. நான் கண்ணு முழிக்கிறதுக்குள்ள எம் புள்ளைய அடக்கம் பண்ணிட்டாங்க."