வெளியே போகாத பூனை

பூனைக் காப்பகம் நடத்தும் அம்மாள், கேட்டவர்களுக்கெல்லாம் குட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடும் ஆள் இல்லை. எதிரே ஐஸ் பெட்டியோடு நின்றவரை வக்கீல் மாதிரி குடைந்தாள்.

“பழைய பூனை எதுல போச்சு?”

“தொத்து வியாதிம்மா. நாலே நாள்தான். வருஷம் ஒண்ணாச்சு. அதோட கிண்ணம், மெத்தை எல்லாத்தையும் எரிச்சுட்டேன். வீட்டை பிளீச்சிங் பவுடர் போட்டு ஆறு தடவை கழுவிட்டேன்.”

“தடுப்பூசி போட்டீங்களா?”

“வெளியே போகாத பூனைதானே, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு தள்ளிட்டேன்.”

“வெளியே போகாததுக்கு வியாதி எப்படி வந்துச்சாம்?”

“என் ஷூவுல ஒட்டிக்கிட்டு வந்துச்சு.”

அம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இந்தக் குட்டிக்கு ரெண்டாவது ஊசி பாக்கி. உங்களை நம்பி எப்படித் தர்றது? பெரிய ஆஸ்பத்திரியில பூனை டாக்டர் ஒருத்தர் இருக்காராம், கெட்டிக்காரராம். அவர்கிட்ட நேரம் வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம்.”

அவர் நகரவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து மருந்துக் குப்பியையும் ஊசியையும் மேசைமேல் வைத்தார்.

“அந்த டாக்டர் நான்தாம்மா. இப்பெல்லாம் ஷூவை ஆஸ்பத்திரியிலயே கழட்டி வெச்சுடறேன். குட்டியைப் பிடிங்க, இன்னிக்கே போட்டுடறேன்.”