நானூற்றுப் பதினேழாவது விண்ணப்பம்

இன்னும் ஒன்பது நிமிடம்தான். அதற்குள் ஆணையை மேலே அனுப்பினால் அக்காவுக்குத் துரோகம். அனுப்பாவிட்டால் வேலைக்குத் துரோகம்.

விண்வெளியில் சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கி எப்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அட்டவணை போடுவது தங்கையின் வேலை. இருபது வருடமாக யார் கெஞ்சினாலும் மசியாதவள். அலுவலகத்தில் பட்டப்பெயர் 'தராசு'.

அக்கா கருந்துளை ஆராய்ச்சிக்காரி. இன்று பகல் பன்னிரண்டிலிருந்து ஆறு மணி நேரம் அவளுக்கு ஒதுக்கியது. பதினோரு வருடத்துக்கு ஒரு முறை ஒரு நட்சத்திரம் அவளுடைய கருந்துளையை உரசிக்கொண்டு போகும். அப்போது வரும் எக்ஸ்ரே காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. கூர்ந்து பார்க்க மேலே இருக்கும் அந்த ஒரு கண்தான்.

போன முறை அந்தக் கண் பழுதாகிக் கிடந்தது. அக்கா மூன்று நாள் சோறு தொடவில்லை.

அடுத்த முறைக்கு அக்கா இருக்க மாட்டாள். நுரையீரல் மருத்துவர் சுற்றி வளைத்துச் சொன்னதை அக்கா சிரித்துக்கொண்டே பட்டென்று போட்டு உடைத்துவிட்டாள்.

காலையில்தான் அந்தப் பாழாய்ப்போன அவசர விண்ணப்பம் வந்து விழுந்தது. எண் 417. வானத்தின் எதிர்ப்பக்கம் இன்னொரு கருந்துளை ஒரு நட்சத்திரத்தைக் கிழித்துத் தின்கிறதாம்; சாயங்காலத்துக்குள் அடங்கிவிடுமாம். அனுப்பியவர் பெயர் இல்லை. முடிவெடுப்பவர்களுக்குப் பெயரைக் காட்டக் கூடாது என்பது விதி.

குழு மதிப்பெண் போட்டது. 417க்கு ஒன்பது. அக்காவுக்கு எட்டு.

இதில் பாதி, அதில் பாதி என்று தங்கை தலைகீழாக நின்று பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பவே தொலைநோக்கிக்கு நான்கு மணி நேரம் பிடிக்கும்.

ஆறு நிமிடம்.

எவனோ ஒருத்தன். நேற்று முளைத்தவனாக இருப்பான். இனி எத்தனையோ பார்ப்பான். அக்காவுக்கு இருப்பது இது ஒன்றுதானே, கடவுளே! வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது.

417 பக்கம் திருப்பும் ஆணை போவதற்கு எட்டு இலக்கச் சரிபார்ப்பு எண்ணைத் தட்ட வேண்டும். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். இப்போது விட்டால் தொலைநோக்கியோடு அடுத்த தொடர்பு இரவு எட்டு மணிக்கு.

கடைசி இலக்கம் ஏழு. அவள் ஒன்பதைத் தட்டினாள்.

மறுபடியும் ஒன்பது.

மூன்றாவது முறையும் ஒன்பதையே தட்டினாள்; திரை பூட்டிக்கொண்டது.

கட்டுப்பாட்டு அறைத் தலைவர் பதறி ஓடி வந்தார். அவளைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

"விடும்மா, ஆனைக்கும் அடி சறுக்கும். பழைய அட்டவணையே ஓடட்டும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு வராந்தாவுக்கு வந்தாள். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. ஆனாலும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கைப்பேசி அடித்தது. அக்கா.

"கணக்குல ஒரு நாள் பிசகிட்டேண்டி. காலைல மறுபடி போட்டுப் பார்த்தேன், என் நட்சத்திரம் நேத்தே கடந்து போயிருச்சு. இன்னைக்கு அங்க ஒண்ணுமே இல்ல. அழுதுக்கிட்டு உட்கார்ந்திருந்தப்பதான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. அந்த 417 என்னுதுதான். என் நேரத்தை வேண்டாம்னு சொன்னா நீ ஏன்னு துருவுவே; முன்னாடியே சொன்னா அக்காவுக்குச் சலுகை காட்டிட்டோமோன்னு உனக்கு உறுத்தும், அதான் வாயே திறக்கல. நீதான் தராசாச்சே! அனுப்பிட்டேல்ல?"

அக்கா இருமினாள். இருமல் அடங்கியதும் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

மணி பதினொன்று ஐம்பது. மேலே, இனி இரவு வரை யாருடைய சொல்லும் எட்டாத இடத்தில், தொலைநோக்கி தங்கையின் அட்டவணைப்படி அக்காவின் கருந்துளைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.