மூலை மனை

“ஆட்சேபணை சொல்ல யாருமே வரலைன்னு எழுதிடட்டுமா சார்?” என்றார் கிளார்க்.

நகரமைப்பு அதிகாரிக்கு வேண்டியதும் அதுதான். ஊரோரச் சதுப்பு நிலத்தை வீட்டு மனைகளாக மாற்றுவதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். மாடிப்படிக்குப் பின்னால் ஒரு நோட்டீஸை ஒட்டி, சட்டத்தின் வாயை அடைத்திருந்தார்.

“எழுதிக் கொண்டாங்க. கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பறேன்.”

கிளார்க் போனார்.

“நான் சொல்லணும் சார்.”

காலி அரங்கின் கடைசி வரிசையில் ஒரு பெண். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இடது புருவத்தின் குறுக்கே ஒரு பழைய தழும்பு.

வந்துட்டாய்யா வில்லங்கம் என்று பல்லைக் கடித்தார்.

“எங்கம்மா இருக்கீங்க?”

“அந்தச் சதுப்புலதான். இருபத்தேழு, மூலை வீடு. ஒரே ராத்திரியில தண்ணி கூரை வரைக்கும் வந்துடுச்சு சார்.”

“அங்க வெறும் கோரைப்புல்லுதானேம்மா! வீடு ஏது?”

“எங்கப்பா குடுத்த வீடு.”

“அப்ப அவர்கிட்டப் போய்ச் சண்டை போடுங்க.”

“பாவம் சார், ஆசையாத்தான் குடுத்தார்.”

“சரி, இப்ப எங்க தங்கியிருக்கீங்க?”

“அங்கேயேதான். நானும் குழந்தையும்.”

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்தேழாம் மனையைத்தான் நேற்று பில்டர் ஓசைப்படாமல் அவருக்கு ஒதுக்கியிருந்தான். வேறு யாருக்கும் தெரியாது. இவளுக்கு எப்படித் தெரிந்தது? எவனோ மிரட்ட ஆள் அனுப்பியிருக்கிறான் என்று முடிவு கட்டினார்.

“யாரு அனுப்பினது உன்னை? எவ்வளவு வேணும்?”

“கையெழுத்துப் போடாதீங்க. அது போதும்.”

“வெளியே போ!”

அவள் எழுந்து போனாள். நாற்காலியின் கீழே தண்ணீர் தேங்கி நின்றது. அந்தப் பக்கமே பார்க்காமல், கிளார்க் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் மனைவி வாசலிலேயே நின்றாள்.

“பதறாதீங்க. பாப்பா ஸ்கூல்ல ஊஞ்சல்லேர்ந்து விழுந்துட்டா.”

மகள் ஓடிவந்து அவர் வயிற்றில் முகம் புதைத்து விசும்பினாள்.

“அழக்கூடாதுடா கண்ணு! உனக்குன்னே அப்பா ஒரு மூலை மனை வாங்கியிருக்கேன். பெரிசா வீடு கட்டித் தரேன்.”

குழந்தை அண்ணாந்து பார்த்தாள். இடது புருவத்தின் குறுக்கே மூன்று தையல்.

“வேற ஒண்ணும் பயமில்லையாம்” என்றாள் மனைவி. “தழும்பு மட்டும் கடைசி வரைக்கும் இருக்குமாம்.”