தட்டிப் பார்த்த பலகை

"தட்டிப் பாருங்க மச்சான்," என்றாள் றஹ்மா தாஹிரிடம்.

கடற்படைக்காரர் கரையேற்றிவிட்டுப் போன நீலப் பலகை இறங்குதுறைச் சீமெந்தில் கிடந்தது. ஒரு பாய் அகலம். ஒரு பக்கம் பிய்ந்திருந்தது.

தாஹிரின் கைவேலைதான். சீனன்குடாப் படகுப் பட்டறையில், நடுவில் பல்சா மரக் கட்டைகளை அடுக்கி, மேலும் கீழும் கண்ணாடி நார்த் துணி விரித்து, ரெசின் தடவி ஒட்டிய அடித்தளப் பலகை. தூக்கினால் தக்கை, ஏறி நின்றால் இரும்பு என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

போன மாரியில் இரண்டு படகுகள் கட்டினார்கள். ஒன்று தாஹிரின் தம்பி றஊபுக்கு. மற்றது சல்லி ஊர்ப் பாலசிங்கத்துக்கு. ஒரே அச்சு, ஒரே நீலம்.

புயலுக்கு முதல்நாள் இரண்டும் கடலுக்குப் போயின. இன்றோடு மூன்று நாள்.

பலகைக்கு இந்தப் பக்கம் றஊபின் மனைவி றஹ்மா. அந்தப் பக்கம் பாலசிங்கத்தின் மனைவி பூரணம்.

"ஒண்டுக்காவது பச்சை பூசியிருக்கக் கூடாதோ, கோதாரி விழுந்தவங்கள்," என்றாள் பூரணம், யாரையும் பாராமல்.

தாஹிர் குந்தியிருந்து ஐம்பது சத நாணயக் குற்றியை எடுத்தான். பட்டறையில் ஒவ்வொரு பலகையையும் இப்படித் தட்டித்தான் பார்ப்பான். உள்ளே கட்டை காய்ந்திருந்தால் கணீரென்று கேட்கும். மழையில் நனைந்த கட்டையை வைத்து மூடியிருந்தால் பலகை ஊமை.

பிய்ந்த ஓரத்தை விட்டு நடுவில் தட்டினான்.

டொக்.

ஒரு சாண் தள்ளித் தட்டினான்.

டொக்.

மூன்று நாளாக நெஞ்சில் அடைத்துக் கிடந்த மூச்சு வெளியே வந்தது. அதோடு வாயும் திறந்துவிட்டது.

"றஊபின்ட இல்ல!"

"அல்லாஹ்வே..." றஹ்மா அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

பூரணம் அழவில்லை. பலகையைப் பார்த்தாள். அவன் விரலிடுக்கில் இருந்த குற்றியைப் பார்த்தாள்.

"ரெண்டுக்கும் ஒரே மாதிரிப் பலகைதான் எண்டு சொன்னனீங்கள், தம்பி," என்றாள் மெதுவாக. "அப்ப சத்தத்தில எப்பிடித் தெரிஞ்சது?"