சீப்புக்கு விழுந்த ஓட்டு

சந்தேகமே இல்லை, புருஷன் திருடிவிட்டான். அதுவும் பெற்ற அப்பாவின் ஓட்டை.

வாக்குச்சாவடி வாசலில் மாமனாரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தவனை, எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டாள் அவள்.

“மாமா சொன்ன சின்னத்துலதானே அமுக்கினீங்க?”

மைக் செட் கடை வைத்திருப்பவன். மைக்கே இல்லாமல் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல். அது அன்றைக்கு எங்கே போச்சோ!

“வெயில் ஏறுது. அப்பாவைக் கூட்டிட்டுப் போய் நிழல்ல உட்கார வை” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமலே.

பக்கத்தில் நின்ற, அவன் கட்சியின் உள்ளூர்த் தலைவர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். “சபாஷ்டா! சீப்புக்கு இந்தத் தடவை முட்டைதான்!”



சீப்பு ஒரு குட்டிக் கட்சியின் சின்னம். மாநிலத் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல், ரெண்டு பெரிய கட்சிகளுக்கு நடுவில் மூன்றாவதாக நின்று, தவறாமல் தோற்கிற கட்சி. இந்தச் சாவடியில் அதற்கு விழுவது எப்போதும் ஒரே ஒரு ஓட்டு. அது யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

“தலையில ஒத்த முடி இல்லை, உமக்கு எதுக்குய்யா சீப்பு?” என்று தெருவே மாமாவைக் கேலி பண்ணும்.

“ஜெயிக்கிறவனுக்குப் போட ஊரே இருக்கு. தோக்கிறவனுக்கு நான் ஒருத்தனாவது வேண்டாமா?” என்பார் மாமா.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது மகன்தான். அவன் பூட்டுச் சின்னக் கட்சியின் வட்டச் செயலாளர். சோறு தண்ணி மறந்து கட்சிக்கு உழைத்து வாங்கிய பதவி. போன வாரம் தலைவர் வீட்டுக்கே வந்து, கூடத்தில் மாமா உட்கார்ந்திருப்பதைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் கத்திவிட்டுப் போனார்.

“சொந்த அப்பனையே வளைக்கத் தெரியலை, நீ எல்லாம் ஒரு செயலாளரா? இந்தத் தடவையும் உன் வீட்டிலிருந்து சீப்புக்கு ஓட்டு விழுந்துச்சு, பதவியை மறந்துடு!”

இந்தத் தடவை அதற்கு வழியும் பிறந்துவிட்டது. சர்க்கரை வியாதியில் மாமாவுக்குப் பார்வை சுத்தமாகப் போய்விட்டது. பார்வை இல்லாதவருக்குத் துணையாக ஒருத்தர் உள்ளே போய், அவர் சொல்கிற பொத்தானை அமுக்கலாம்.

“நான் கூட்டிட்டுப் போறேன்” என்று அவள் மல்லுக்கு நின்று பார்த்தாள்.

“வேண்டாம்மா, அவனே வரட்டும்” என்றுவிட்டார் மாமா. பாவம், வெள்ளை மனசு.

மாமாவை நிழலில் உட்கார வைத்துவிட்டு அவள் வரிசையில் போய் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து பூட்டுக்கே போட்ட கை. அன்றைக்கு உள்ளே போனதும் நேராகச் சீப்புக்குப் போனது. மாமாவிடமிருந்து திருடியதை அப்படியாவது திருப்பி வைத்த மாதிரி இருக்கட்டும்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. சாப்பாட்டுத் தட்டு மட்டும் அவன் முன்னால் ணங்கென்று வந்து உட்காரும்.

“என்னதான்டி கோபம் உனக்கு?”

“பெத்தவரையே ஏமாத்தினவர்கிட்ட எனக்கு என்ன பேச்சு?”

அவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான். குற்றமுள்ள நெஞ்சு, எப்படி நிமிரும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஓட்டு எண்ணி முடித்தார்கள். பூட்டு ஜெயித்தது. சீப்பு வழக்கம்போல மூன்றாவது. ஆனாலும் தலைவர் போனில் போட்ட சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

“உன் சாவடியில சீப்புக்கு ரெண்டு ஓட்டுடா! எப்பவும் விழற ஒண்ணு இப்போ ரெண்டாயிடுச்சு! என்னையே முட்டாளாக்கிட்டே இல்லே? இனி ஆபீஸ் பக்கம் தலை காட்டாதே!”

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ஒன்று அவள் போட்டது. இன்னொன்று?

வெளியே ஓடி வந்தாள். அவன் போனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

“ஏங்க, அப்போ மாமா ஓட்டை நீங்க சீப்புலதான் போட்டீங்களா?”

“ஆமா.”

“அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்லே? இத்தனை நாளா உங்களை என்னென்னமோ பேசிட்டேனே!”

“சரி விடு. அப்பா காதுக்கு மட்டும் போகவேண்டாம்.”

இது என்ன கூத்து? நல்லது செய்துவிட்டு ஒளிப்பானேன்? பதவியும் போய்விட்டது, நல்ல பேராவது மிஞ்ச வேண்டாமா? அவன் “ஏய், இரு இரு” என்று எழுவதற்குள் அவள் உள் அறைக்குப் போய்விட்டாள். கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

“மாமா, உங்க பிள்ளை தங்கம் மாமா! நான்தான் புத்தி கெட்டுப் போய் அவரைத் தப்பா நினைச்சேன். பதவி போனாலும் போகட்டும்னு, உங்க ஓட்டைச் சீப்புலதான் போட்டிருக்கார்!”

மாமா பதறிப்போனார்.

“அடப்பாவி, என்னை ஏமாத்திட்டானா? ‘உன் பதவி நிலைக்கட்டும், பூட்டுலயே அமுக்குடா’ன்னுதானேம்மா அவன் காதுல சொன்னேன்!”